புதுப்பிப்பு: அம்மா டொரான்டோ போய்ச் சேர்ந்துவிட்டார்

மூட்டு மாற்று சிகிச்சை முடிந்து 4 மாதமான அம்மாவைச் சென்னையிலிருந்து டொரான்டோவுக்கு அனுப்பலாமா, விமானத்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடுமோ என்று போன மாதம் கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னீர்கள். டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். காலை அளந்து, முழங்காலுக்குக் கீழே வரை வரும் அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்தார். தயவுசெய்து அளவு பார்க்காமல் கடையில் வாங்கிவிடாதீர்கள், மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் அதுவே கெடுதல்.

ஜன்னல் சீட்டை மாற்றி நடைபாதை ஓரம் வாங்கினோம், ஏனென்றால் அம்மா பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கவும் பழக்கினோம். தூக்க மாத்திரை வேண்டாம் என்றோம். பாத்ரூம் போகவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார், அதற்குத்தான் ரொம்பக் கெஞ்ச வேண்டியிருந்தது.

பயந்தவர்களுக்கு ஒன்று: 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொன்னது, ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். அறுவை சிகிச்சை, புற்றுநோய், கர்ப்பம், முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள் என்றால் கணக்கு வேறு, டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும்.

அப்புறம், இறங்கியதும் முடிந்துவிடவில்லை, சில வாரம் வரை ரத்தக்கட்டு வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போகச் டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணி தினமும் அம்மாவின் இரண்டு காலையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.