ஆர்வி சுடுதண்ணியில அழுகின முட்டை நாத்தம், வழி சொல்லுங்க

ஆர்வியிலயே, அதாவது வீடு மாதிரி வசதி இருக்குற வண்டியிலயே, குடியிருக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா? அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குப் போயிட்டு, நாலு மாசம் கழிச்சு போன வாரம்தான் அரிசோனா திரும்பினோம். பேட்டரி 11.4 வோல்ட் காட்டுது. அதை விடுங்க, மாத்திக்கலாம். தொல்லை தண்ணியிலதான். ஹீட்டர் போட்டா அழுகின முட்டை நாத்தம். பச்சைத் தண்ணியில இல்ல. 45 கேலன் டேங்குக்கு முக்கால் கப் பிளீச் கலந்து, ராத்திரி முழுக்க ஊறவெச்சு அலசியாச்சு. அப்புறம்தான் பார்த்தேன், பிளீச் விட்டப்போ ஹீட்டர் பைபாஸ்ல, அதாவது தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம சுத்திப் போற மாதிரி, கிடந்திருக்கு! பிளீச் அதுக்குள்ள போகவே இல்ல. ஹீட்டர் துருப்பிடிக்காம இருக்க உள்ள போட்டிருக்குற மக்னீசியம் ஆனோடு கம்பியைக் கழட்டினா பாதிக்கு மேல தேஞ்சு, சொறி புடிச்ச குச்சி மாதிரி வருது. அலுமினியம்-துத்தநாகக் கம்பி போட்டா நாத்தம் நிக்குமா? இல்ல, ஹீட்டருக்குள்ளயும் பிளீச் விட்டு அலசணுமா? அலமாரியில எலிப்புழுக்கை வேற. வீட்டம்மா பாட்டில் தண்ணியிலதான் காபி போடுறாங்க. சீக்கிரம் சொல்லுங்கப்பா.