மறு: கிராஷ், கோர் டம்ப் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிரல் நடுவில் திடீரென்று நின்றுபோவது கிராஷ்; அப்போது அதன் நினைவகத்தில் இருந்ததைக் கோப்பாக எழுதிவைப்பது கோர் டம்ப். முதலில் கிராஷ்.

> ‘செயலிழப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்தானே?

ஐயா, எனக்குச் சிக்கலே அந்தச் சொல்லில்தான். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் ஸ்குவிட் ப்ராக்ஸி (கணினிகளின் இணையக் கோரிக்கைகளை நடுவில் நின்று வாங்கி அனுப்பும் மென்பொருள்) ஓடுகிறது. இரவில் ஒரு கட்டளைவரிக் கருவி அதன் பதிவுக் கோப்பைப் படித்து, எந்தத் தளத்துக்கு எவ்வளவு தரவு போனது என்று கணக்கெடுத்துக் கொடுக்கும். கோடை இடிமழையில் மின்சாரம் போய் வந்த மறுநாள் கணக்கு வரவில்லை. திரையில் ‘செயலிழந்தது’ என்று ஒரே ஒரு வரி. அதைப் படித்த ஆய்வகப் பொறுப்பாளர், ப்ராக்ஸியே போய்விட்டது என்று ஸ்குவிட்டை நீக்கி மறுபடி நிறுவத் தொடங்கிவிட்டார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், ப்ராக்ஸிக்கு எந்தக் குறையும் இல்லை.

நடந்தது இதுதான். ஸ்குவிட்டின் இயல்பான பதிவு வடிவத்தில் ஒரு வரிக்கு 10 புலங்கள். முதல் புலம் 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட நொடிகள். அப்புறம் எடுத்துக்கொண்ட மில்லிநொடி, கேட்ட கணினியின் ஐபி, விளைவுக் குறி, பைட் அளவு என்று வரிசையாகப் போகும். மின்சாரம் திடீரென்று போனபோது கோப்பின் நீளம் கூடியிருந்தது, உள்ளடக்கம் வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடம் முழுக்கப் பூச்சிய பைட்டுகள் (மதிப்பு 0 உள்ளவை). கணினி திரும்ப வந்ததும் ஸ்குவிட் அதன் வாலிலேயே தொடர்ந்து எழுதியது. ஆக, பாதி வரி, பூச்சிய பைட்டுகள், புதிதாக வந்த முதல் வரி மூன்றும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டன.

கருவி சி மொழியில் எழுதியது. சி-யில் பூச்சிய பைட் வந்தால் சரம், அதாவது எழுத்துத் தொடர், அங்கேயே முடிந்தது. அதனால் கருவிக்குத் தெரிந்தது பாதி வரி மட்டும். ஐந்தாம் புலத்தைத் தேடியது; கிடைக்கவில்லை; தேடும் செயல்கூறு (நிரலின் அந்த வேலைக்கான பகுதி) வெற்றுச் சுட்டியை, அதாவது எந்த இடத்தையும் காட்டாத முகவரியை, திருப்பித் தந்தது. அதைச் சோதிக்காமல் எண்ணாக மாற்றப் போனது. முகவரி 0-வைத் தொட்டதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 11-ஆம் எண் சமிக்ஞை அனுப்பி நிரலை நிறுத்திவிட்டது. வெளியேறு குறி 139, அதாவது 128-உம் சமிக்ஞை எண் 11-உம் சேர்ந்தது.

ஆகவே இங்கே எதுவும் செயலற்றுப் போகவில்லை. ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டது, நடுவழியில் நிறுத்தப்பட்டது. எங்கே நின்றது என்று தேடத் தூண்டுகிற சொல்தான் நமக்கு வேண்டும். என் முன்மொழிவு: இடைமுறிவு. வினையாக ‘இடைமுறிந்தது’.

> ‘அறுபடல்’ எப்படி? நெசவுக்காரர் ஊர்ச் சொல்லாயிற்றே!

அம்மாபேட்டைத் தறிகளில் பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்வார்கள். நிரல் அப்படி விட்ட இடத்திலிருந்து தொடராது. போதாக்குறைக்கு ‘இழை’யை ‘திரெட்’ என்ற வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

அடுத்தது கோர் டம்ப். ‘கருத் திணிப்பு’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். இரண்டு பாதியும் தவறு. கோர் என்பது 1950களிலிருந்து 1970கள் வரை நினைவகமாக இருந்த காந்த வளையங்களைக் குறித்தது, கருவை அல்ல. திணிப்பு உள்ளே தள்ளுவது. இங்கே நடப்பது வெளியே எழுதிவைப்பது. முறிவு நகல் என்றால் எப்போது எடுத்தது, என்ன அது என்பது இரண்டும் வந்துவிடுகிறது.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

---

தம்பி, வணக்கம்.

இடைமுறிவு எனக்குச் சம்மதம். முறிவு நகலில் ஒரு ஐயம்: நகல் என்றதும் பிள்ளைகள் காப்புப்படி என்று எண்ணி, அதிலிருந்து கோப்பை மீட்கப் பார்ப்பார்களே? ‘நினைவக நகல்’ என்றால் அந்தக் குழப்பம் குறையுமா? இன்னொன்று, என் வகுப்புக் கணினிகளில் அந்தக் கோப்பே உருவாவதில்லை.

---

அக்கா,

நினைவக நகலை நாமே விரும்பியும் எடுக்கலாம். முறிந்தபோது எடுத்தது என்ற செய்தி அதில் போய்விடும். ‘முறிவு நினைவக நகல்’ என்று கையேட்டில் முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டு, பிறகு முறிவு நகல் என்று சுருக்கலாம். இதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும்.

கோப்பு வராததற்குக் காரணம், பல கணினிகளில் அதன் அளவு வரம்பு 0 என்று இருப்பதுதான். யூலிமிட் கட்டளையால் வரம்பை நீக்கிவிட்டுக் கருவியை அதே முனையத்தில் மறுபடி ஓட்டுங்கள். கிடைக்கும் நகலை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்தால் எந்தச் செயல்கூறில் நின்றது என்று முதல் சில வரிகளிலேயே தெரியும்.

மலைப் பள்ளிக்கு இப்போதைக்குச் செய்தது: பூச்சிய பைட் உள்ள வரியை முழுசாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கருவிக்குக் கொடுத்தோம். பைட்டுகளை மட்டும் நீக்கக்கூடாது. நீக்கினால் இரண்டு கோரிக்கைகள் ஒரே வரியில் ஒட்டி, யாரோ பார்த்த தளம் யார் கணக்கிலோ ஏறும். வெற்றுச் சுட்டியைச் சோதிக்கும் திருத்தத்தைக் கருவியை எழுதியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

திரைச் செய்திக்கு என் வரைவு: ‘கணக்குக் கருவி இடைமுறிந்தது. ப்ராக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது. முறிவு நகல் எழுதப்பட்டது.’ மாற்றம் வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.