எத்தனால் கட்டாயச் சட்டங்களை மாநிலங்கள் நீக்கியது பின்வாங்கலா?

கேள்வி – தென்கரை

அமெரிக்காவில் சில மாநிலங்கள், விற்கும் பெட்ரோலில் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து வடிக்கும் சாராயம்) கலந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தன. ஃபுளோரிடா 2008-இல் கொண்டுவந்த சட்டத்தை 2013-இல் நீக்கியது. ஹவாயின் கட்டாயம் 2015-ஆம் ஆண்டு முடிவோடு போயிற்று. மாற்று எரிபொருள் வளர வேண்டும் என்று விரும்பும் எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. காலாவதியான சட்டம் என்று சொல்லி, எண்ணெய் நிறுவனங்களுக்கு வழிவிட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – கரும்புத்தோகை

நான் மௌயி தீவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் ஹவாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே சட்டத்தின் அடிப்படை 1994-இலேயே போடப்பட்டது; ஆனால் விற்பனையாகும் பெட்ரோலில் குறைந்தது 85 விழுக்காடு, 10 விழுக்காடு எத்தனால் கலந்ததாக இருக்க வேண்டும் என்ற விதி 2006 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் மிக நல்லது: நலிந்துவந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒரு புதிய சந்தை கிடைக்கும், தீவுகளிலேயே வடிஆலைகள் எழும், கப்பலில் வரும் எரிபொருளை நம்பியிருக்கும் நிலை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். வடிஆலை ஒன்றுகூட எழவில்லை. சட்டத்துக்கு இணங்க எத்தனாலையே வெளியிலிருந்து கப்பலில் இறக்கினார்கள். இறக்குமதியைக் குறைக்க வந்த சட்டம், இன்னோர் இறக்குமதியைக் கட்டாயமாக்கிவிட்டது. கடைசியாக எஞ்சியிருந்த பூநெனே சர்க்கரை ஆலையும் 2016 டிசம்பரில் அரைவையை நிறுத்தியது. சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு நின்ற கரும்பைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் செய்தி இன்றும் மனத்தை அறுக்கிறது. ஆனாலும், கரும்பைக் காப்பாற்றாத சட்டத்தைக் கரும்பின் பெயரால் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மறுமொழி – படகுத்துறை

ஃபுளோரிடாவில் சட்டம் போனபின் பெட்ரோல் நிலையங்களில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை என்பதைக் கேட்டவர் கவனிக்க வேண்டும். 2005-இல் தொடங்கி 2007-இல் விரிவாக்கப்பட்ட கூட்டரசின் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் விதி அப்படியே நிற்பதால், 10 விழுக்காடு கலப்பே இன்றும் பரவலாக விற்கிறது. நீங்கியது அதே வேலையைச் செய்த இரண்டாவது கட்டாயம் மட்டுமே. ஆனால் படகு வைத்திருக்கும் என் போன்றோருக்கு இந்தக் கலப்பு தொல்லைதான்: எத்தனால் நீரை ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் படகின் எரிபொருள் தொட்டியில் அது நீரோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும். நான் எரிபொருள் நிரப்புமுன் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் முதற்கோடு வரை தண்ணீர் விட்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைப்பேன். தெளிந்தபின் கீழடுக்கு முதற்கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால் அதில் எத்தனால் உண்டு. இந்தச் சோதனையை நான் இன்னும் கைவிடவில்லை.

மறுமொழி – சோளக்கதிர்

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் கட்டாயச் சட்டம் எல்லாமே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மினசோட்டா 1997 முதல் மாநிலம் முழுவதும் எத்தனால் கலப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே மக்காச்சோளம் வயலிலேயே இருந்தது, அதை ஒட்டி ஆலைகளும் வந்தன. ஆகவே சட்டத்துக்குப் பிடிமானம் இருந்தது. நீக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு சட்டத்தில் உள்ள 'மாற்று எரிபொருள்' என்ற வரையறையை எரிபொருள் வரிச் சட்டமோ வாகனப் பதிவுச் சட்டமோ எடுத்தாண்டிருந்தால், மூலத்தை மட்டும் வெட்டியெறிவது அந்தப் பிரிவுகளைப் பொருளற்றதாக்கிவிடும். எந்தெந்தப் பிரிவுகள் அதைச் சார்ந்திருக்கின்றன என்று முதலில் தேடிப் பார்த்து, வரையறையை உரிய இடத்துக்கு மாற்றிய பிறகே நீக்க வேண்டும்.

மறுமொழி – தென்கரை

மூவருக்கும் நன்றி. ஹவாய் செய்தி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. மின்வாகன மின்னேற்றிகளுக்காக இப்போது இயற்றப்படும் மாநிலச் சட்டங்களில், குறித்த ஆண்டுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று இனிப் பார்க்கப்போகிறேன்.