விண்டோஸ் 10 முடிந்த பிறகு கடலூர், புதுச்சேரி மேசைகளுக்கு வருபவை

மஞ்சக்குப்பம் சர்வீஸ்

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. அதிலிருந்து இங்கே சர்வீஸுக்கு வரும் சிஸ்டம் ஒவ்வொன்றோடும் ஒரே கேள்வி கூடவே வருகிறது: "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா?" பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். அவரவர் மேசைக்கு வந்த கோளாறையும் காரணத்தையும் எழுதுங்கள். சொந்தக் கதை தேவையில்லை.

"இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது" என்று திரையில் வந்ததுமே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆறேழு வருடத்துக்குள் வாங்கிய மெஷின் என்றால் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் 2.0 உள்ளேயே இருக்கும், மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதையும், நம்பகமில்லாத மென்பொருளைப் பூட் ஆகவிடாத செக்யூர் பூட்டையும் இயக்கினால் பல மெஷின்கள் சோதனையில் தேறிவிடும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரித்ததாக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றாமல், லெகசி என்ற பழைய பூட் முறையிலிருந்து செக்யூர் பூட்டுக்குத் தேவையான யுஇஎஃப்ஐ முறைக்குத் தாவினால் விண்டோஸ் பூட் ஆகாது. டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும் எம்பிஆர்டுஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. இருந்தும் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடக் கூடாது.

இன்டெல் பிராசசரில் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், ஓரிரு மாடல்களைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலிலேயே இல்லை. சோதனையைத் தாண்டவைத்து ஏற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்ததும் கோர் 2 டுவோ காலத்து மெஷின்கள் பூட் ஆகாமலே நின்றன. இதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் ஏற்றிக் காசு வாங்குவது தப்பு. வீட்டு உபயோகத்திலுள்ள விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் வழியை மைக்ரோசாப்டே கொடுத்தது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்புக்கு வந்து, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, அப்டேட் பக்கத்தில் பதிய வேண்டும்.

"சிஸ்டம் ஸ்லோ" என்று வருவதில் முக்கால்வாசிக்கு விண்டோஸ் காரணமே இல்லை. உள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ரேமை 8 ஜிபி ஆக்குவது, தீர்ந்தது. பிரவுசர், மெயில், பிள்ளைகளின் படிப்பு என்று மட்டும் இருக்கும் வீட்டுக்கு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போதும். 4 ஜிபி ரேமிலும் ஓடும். தமிழில் தட்ட உதவும் ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

நெல்லித்தோப்பு ஆபீஸ் சப்போர்ட்

அண்ணே, வீட்டுக்கு மின்ட் சரி. கணக்கு எழுதும் ஆபீஸுக்கு அதைப் பரிந்துரைக்காதீர்கள். கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டினாலும் மாதக் கடைசியில் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய தடை பிரிண்டர். ஜெராக்ஸ் கடை, வக்கீல் ஆபீஸ் எதற்குள் நுழைந்தாலும் கேனன் எல்பிபி 2900 உட்கார்ந்திருக்கும். அது பிரிண்டர்களின் பொது மொழிகளான போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் இரண்டையும் பேசாது, கேப்ட் என்ற தன் சொந்த மொழியை மட்டும் பேசும். லினக்ஸில் அதை ஓட்டுவது பெரும்பாடு. ஹெச்பி லேசர் என்றால் ஹெச்பிலிப் என்ற லினக்ஸ் டிரைவரைப் போட்டதும் பெரும்பாலும் வேலை முடியும்.

டிபிஎம் பற்றி எழுதிய நீங்கள், டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை விட்டுவிட்டீர்கள். இப்போது ஆபீஸ்களில் டேட்டா போவது வைரஸால் என்பதைவிட இதனால்தான் என்று சொல்வேன். 24எச்2 முதல் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் அந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. யாரும் கேட்பதில்லை, யாருக்கும் தெரிவதில்லை. பிறகு போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ டிபிஎம்மில் உள்ள சாவி பொருந்தாமல், நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். அந்த எண் இருப்பது மைக்ரோசாப்ட் கணக்கில். அந்தக் கணக்கு யாருடையது? லேப்டாப் விற்ற கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மெயிலில் போட்டுக் கொடுத்ததாக இருக்கிறது! கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் டேட்டாவும் போனது போனதுதான். எந்த ரெக்கவரி மென்பொருளாலும் அதைத் திறக்க முடியாது.

ஆகவே எந்த லேப்டாப்பும் மேசைக்கு வந்தவுடன், திருப்புளியை எடுப்பதற்கு முன்னால், அந்த 48 இலக்கத்தை வாடிக்கையாளர் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். பயாஸ் வேலை என்றால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி (சஸ்பெண்ட் செய்து) விட்டு ஆரம்பியுங்கள்.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தப்பான அப்டேட்டால் 2024 ஜூலை 19 வந்த முடக்கத்தை நினைத்துப் பாருங்கள். மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள். சரிசெய்ய வேண்டியது சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பது, ஐந்து நிமிட வேலை. பல இடங்களில் நாள்கணக்கில் இழுத்ததற்கு ஒரு காரணம், சேஃப் மோடுக்குப் போகவே பிட்லாக்கரின் இந்த 48 இலக்க எண் தேவைப்பட்டதுதான். எட்டு சிஸ்டம் உள்ள சின்ன ஆபீஸிலும் அப்டேட்டை முதலில் ஒரே ஒரு மெஷினில் விட்டு, இரண்டு நாள் பிரிண்ட், ஸ்கேன், டேலி எல்லாம் பார்த்த பிறகே மற்றவற்றில் விட வேண்டும்.

லாஸ்பேட்டை கோடர்

ஏஐ புரோகிராமர்களின் வேலையைப் பறிக்குமா என்ற பேச்சு ஒவ்வொரு வாரமும் ஓடுகிறது. என்னை அதைவிட உறுத்துவது, ஏஐ எழுதும் கோடும் சரி, மனிதர் எழுதும் கோடும் சரி, தமிழை இன்னும் சரியாகத் தொடுவதில்லை என்பது. இந்தப் பக்கத்துப் பள்ளி, கிளினிக், சங்கம் எதற்கு மென்பொருள் செய்தாலும் பெயர் தமிழில் வரும். உடைவது அங்கேதான்.

"புதுச்சேரி" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்துக் குறியீடு. அதைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் முப்பது பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்துகளை வைக்கும் வார்சார்2 பெட்டியின் நீளத்தை வெறுமனே 30 என்று கொடுத்தால் இயல்பாக அது பைட் கணக்கு. ஊர்ப் பெயர் ஒன்றிலேயே பெட்டி நிரம்பிவிடும். நீளத்தோடு கேர் என்று சேர்த்து எழுத வேண்டும், அல்லது மூன்று மடங்கு ஒதுக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் யூனிகோடு ஏற்கும் என்வார்சார் வைத்த பிறகும் கேள்விக்குறியாக விழுகிறதா? கொயரியில் மேற்கோளுக்கு முன்னால் வரவேண்டிய 'என்' எழுத்து விடுபட்டிருக்கும்.

"தமிழ்" என்பதை நான்கு குறியீட்டில் வெட்டினால் "தமிழ" என்று நிற்கும், புள்ளி போய்விடும். அடையாள அட்டைக்கு இனிஷியல் எடுக்கும் கோடு அப்பா பெயரின் முதல் குறியீட்டை மட்டும் எடுக்கும். கோபால் மகனுக்கு "கோ." வர வேண்டிய இடத்தில் "க." வரும், சுந்தரம் மகளுக்கு "சு." போய் "ச." வரும். கேட்டால் ஏஐ கருவி எந்தத் தயக்கமும் இல்லாமல் இந்தத் தப்பான கோடைத்தான் முதலில் நீட்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அது சரி. பைத்தானில் ஓபன்-தமிழ் தொகுப்பு தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதே வேலைக்கு இன்டில் செக்மென்டர் இருக்கிறது. அதிலும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டாகப் பிரியும். இனிஷியல் எடுக்கும்போது அவற்றைத் தனியாகக் கவனித்தே ஆக வேண்டும்.

தேடல் இன்னொரு தலைவலி. "கொ"வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாகவும் வைக்கலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவம் ஆக்கிவிட்டால் இது தீரும். தீராதது ஸ்ரீ. ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடுக்கு வந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், என்எஃப்சி இவற்றை இணைக்காது. ஸ்ரீதர் என்ற பெயர் பட்டியலில் இருந்தும் "இல்லை" என்று வந்தால் இதைத்தான் பாருங்கள். ஔவுக்கு ஒ, ள என இரண்டு எழுத்தைத் தட்டிவைப்பதும் இதே வகை. "கௌரி"யில் ளகரம் கலந்து கிடக்கும். இவற்றுக்குத் தனி மாற்று அட்டவணை ஒன்றை நாமே எழுத வேண்டியதுதான்.

நோயாளிக்கும் பெற்றோருக்கும் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் மென்பொருள் செய்பவர்கள் செலவை முன்பே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. நீண்டு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும் என்பதால் எழுபது என்பது உண்மையில் நாற்பது சொச்சம் எழுத்துதான்.

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களான பாமினி, வானவில்லில் தட்டிய ஃபைல்கள் இன்னும் பெட்டி பெட்டியாக வருகின்றன. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது 2010இல், ஆனால் டைப்பிங் சென்டர்களில் பழைய எழுத்துரு இன்னும் போகவில்லை. பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கும். முழுப் பக்கத்தையும் நகலெடுத்து இணைய மாற்றியில் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலை உடைத்தால் எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் இருக்கும். பாமினி என்று உள்ள துண்டை மட்டும் மாற்றுங்கள். அதில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், அதைப் பின்னால் நகர்த்தவும் மறக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்

தம்பி, அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் கோணல் குறியாக வருகிறதே, அதற்கு என்ன?

லாஸ்பேட்டை கோடர்

இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள் அண்ணா. டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து என்பதை எடுத்து, 65001 யுடிஎஃப்-8 தேர்வு செய்யுங்கள். ஃபைலை உருவாக்குவது நம் கோடு என்றால் தொடக்கத்தில், யுடிஎஃப்-8 என்று காட்டும் பிஓஎம் குறியைச் சேர்த்துவிட்டால் இரட்டைக் கிளிக்கிலும் சரியாக வரும். கோணலாகத் தெரியும்போது சேவ் மட்டும் செய்துவிடக் கூடாது, மூலமும் கெட்டுவிடும்.

முதுநகர் போர்டு வேலை

எல்லாரும் மென்பொருளையே பேசுறீங்க. சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம், அந்தப் பக்கம் வீராம்பட்டினம், கடலோரத்துல இருந்து வர்ற மெஷினுக்கு முதல் எதிரி உப்புக்காத்து. ஜன்னலோரம் வச்ச சிபியூ "டிஸ்ப்ளே வரல, பீப் சத்தம் வருது"ன்னு வந்தா உடனே ரேம் போச்சுன்னு புதுசு விக்காதீங்க. ரேமைக் கழட்டி, அந்தத் தங்க முனைகளை மெல்லிய வெள்ளை ரப்பரால லேசா துடைச்சு, 99 சதவீத ஐபிஏ ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால ஸ்லாட்டையும் சுத்தம் பண்ணுங்க. மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சே போயிடும். கை கழுவுற சானிடைசர் ஊத்துறாங்க, அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு. டபிள்யூடி-40யும் போர்டுக்கு ஆகாது, எண்ணெய்ப் படலம் நின்னு தூசியைப் பிடிக்கும்.

2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், ரெண்டும் நம்ம கரையிலதான் ஏறுச்சு. வெள்ளத்துல முங்கின லேப்டாப்பை "ஓடுதான்னு பாக்கலாம்"னு ஆன் பண்றதுதான் அதைக் கொல்லுது. முங்கினதால மட்டும் போர்டு உடனே சாகாது. ஈரத்துல கரண்ட் பாயும்போதுதான் தடம் அரிச்சுப் போகுது. முதல்ல பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்க. சேறும் உப்பும் போக டிஸ்டில்டு வாட்டர்ல போர்டைக் கழுவி, அப்புறம் ஐபிஏ, அப்புறம் ரெண்டு நாள் காத்தாட உலர்த்தணும். அரிசிக்குள்ள புதைக்கிறது வீண், உப்பு உள்ளேயே தங்கிடும். ஹார்ட் டிஸ்க் முங்கியிருந்தா பவர் கொடுக்கவே கூடாது, அதுல மூச்சு ஓட்டை உண்டு, தண்ணி உள்ள போயிருக்கும். முக்கியமான டேட்டான்னா அப்படியே ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்க.

இன்னொண்ணு, டேலி பேக்கப்பை அதே சிபியூவோட டி டிரைவ்ல வச்சிட்டு பேக்கப் இருக்குன்னு சொல்றது பேக்கப் இல்ல. வெளி டிஸ்க்ல எடுத்து அதே மேசையோட கீழ் டிராயர்ல வச்சாலும் இல்ல, வெள்ளம் முதல்ல வர்றது அங்கதான். ஒரு பிரதி வேற வீட்டுல, ஒண்ணு கிளவுட்ல. மாசத்துக்கு ஒரு தடவை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, கடைசி வவுச்சர் நம்பர் வருதான்னு பாக்கணும்.

நெல்லித்தோப்பு ஆபீஸ் சப்போர்ட்

புயல் நேரத்தில் வைஃபை நிற்க ரூட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் கருத்து?

முதுநகர் போர்டு வேலை

வாங்கலாம் சார், கணக்குப் பாத்து வாங்கணும். ரூட்டர் அடாப்டர்ல 12 வோல்ட், எத்தனை ஆம்பியர்னு இருக்கும், அதுக்குக் குறையாத யுபிஎஸ் எடுங்க. டப்பா மேல போட்டிருக்கிற பேட்டரி அளவு, அதாவது எம்ஏஹெச், 3.7 வோல்ட் செல்லுக்கு, 12 வோல்ட்டுக்கு இல்ல. 4000னு போட்டா 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 14.8 வாட் ஹவர். 10 வாட் எடுக்கிற ஃபைபர் ரூட்டர் அதுல ஒரு மணி நேரம் சொச்சம் நிக்கும், அவ்வளவுதான். பின் அளவு 5.5 மில்லிமீட்டருக்கு 2.1ஆ 2.5ஆன்னும் பாருங்க. லூசா உக்காந்தா பொறி பறந்து ரூட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். தெருவுல இருக்கிற ஃபைபர் பெட்டிக்கே கரண்ட் போயிட்டா உங்க யுபிஎஸ் ஓடியும் நெட் வராது, அதையும் வாங்குறவங்ககிட்ட சொல்லிடுங்க.

கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரை அதுல செருகாதீங்க, ஹீட்டர் சூடாகிற நொடியில பல நூறு வாட் இழுத்து யுபிஎஸ்ஸை டிரிப் பண்ணிடும். நீங்க சொன்ன எல்பிபி 2900ஐயும் சேத்துதான் சொல்றேன், அதுக்கு நேரா சுவர் பிளக்.