குரலுக்கான எஃபெக்டைப் பாடும்போதே பதிவு செய்யலாமா, மிக்ஸிங்குக்கு விடலாமா?

கம்பிக்கூடு:
எங்கள் பேண்டின் பாட்டு ஒன்றில், நடுவில் வரும் நான்கு வரிகள் பழைய ரேடியோவுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல ஒலிக்க வேண்டும். பாடகியின் குரலைச் சின்ன கிட்டார் ஆம்பில் விட்டு, அதன் முன் மைக் வைத்துப் பதிவு செய்யலாம் என்பது என் எண்ணம். பேஸ் வாசிப்பவரோ, "குரலைச் சுத்தமாக எடுத்து வை, மிச்சத்தை மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். நாளை மறுநாள் ரெக்கார்டிங். எது நல்லது?

சுத்தக்குரல்:
பேஸ் வாசிப்பவர் சொல்வதுதான் சரி. எஃபெக்டோடு பதிந்த குரலிலிருந்து எஃபெக்டைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். நான் பட்டு அறிந்தது இது. நிமிடத்துக்கு 120 தாளம் என்ற வேகத்தில் ஒரு பாட்டு. ஒரு தாளத்துக்கு 500 மில்லிசெகண்ட், டிலேயையும் (குரலைத் திருப்பிச் சொல்லும் எதிரொலி) அதே கணக்கில் வைத்துக் குரலோடு சேர்த்தே பதிந்தேன். பிறகு டிரம்மர் வேகம் அதிகம் என்றார். 112-க்குக் குறைத்து மறுபடி வாசித்தோம். குரலை வரிவரியாக வெட்டி நகர்த்திவிட்டேன், ஆனால் எதிரொலி பழைய இடைவெளியிலேயே நின்றது. ஒவ்வொரு எதிரொலியும் 36 மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு வந்து தாளத்தில் இடித்தது. கடைசியில் முழுப் பாட்டையும் திரும்பப் பாட வைத்தோம். அன்று பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. முதல் நாள் பாடியதில் இருந்த உயிர் அதில் வரவில்லை.

நீங்கள் கேட்கும் ரேடியோ குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400-க்கு மேலேயும் வெட்டிவிட்டு, கொஞ்சம் டிஸ்டார்ஷன் (கரகரப்பு) சேர்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

காந்தநாடா:
ஒலி வந்துவிடும், பாட்டு வராது. பாடுகிறவர் தன் காதில் விழுவதற்கு ஏற்பத்தான் பாடுகிறார். கரகரவென்று நொறுங்கும் குரலைக் கேட்டுக்கொண்டே பாடினால் வல்லின எழுத்துகள் தானாகவே அழுத்தமாக விழும், நெடில்கள் சுருங்கும்.

1977-ல் பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில் பாடகர் டேவிட் போவி 'ஹீரோஸ்' பாடியபோது தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று வாயருகே, அடுத்தது சுமார் 20 அடியில், மூன்றாவது 50 அடியில். தள்ளியிருந்த இரண்டிலும் கேட் (ஒலி போதிய அளவு உரக்க வரும்வரை மைக்கை மூடி வைக்கும் கருவி) போட்டிருந்ததால், குரல் உயர்ந்தால்தான் அவை திறக்கும். அந்தக் கூடம் முழுவதையும் திறக்க வேண்டுமானால் உரக்கப் பாடியே ஆக வேண்டும். கடைசிச் சரணத்தில் அவர் ஏறக்குறைய கத்துகிறார் இல்லையா, அதில் பாதி அந்த மைக்குகள் வாங்கியது என்பேன்.

சுத்தக்குரல்:
அன்று டேப்பில் டிராக்குகள் எண்ணி வைத்தாற்போல இருந்தன. முடிவை உடனே எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. இன்று அது இல்லை. பாடுகிறவர் கேட்க வேண்டும் என்றால் ஹெட்ஃபோனுக்கு மட்டும் எஃபெக்டை அனுப்புங்கள், பதிவாவது சுத்தமான குரலாக இருக்கட்டும். 1998-ல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டையும் பாருங்கள். சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருளில், திருத்தும் வேகத்தைப் பூஜ்யத்துக்குத் தள்ளி உடனுக்குடன் திருத்த வைத்ததால் வந்த குரல் அது. அவர் பாடி முடித்த பிறகு செய்த வேலை. எஃபெக்டைக் கேட்காமலே பாடிய குரல்தான் அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

காந்தநாடா:
ஹெட்ஃபோன் யோசனை நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளக்இன் (கணினியில் ஓடும் எஃபெக்ட்) வழியாகப் போனால் லேட்டன்சி, அதாவது தாமதம், இருக்கிறது. கணினி ஒரு தடவையில் சேர்த்து வைக்கும் ஒலித்துண்டான பஃபர் 512 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கே சுமார் 12 மில்லிசெகண்ட், போய்த் திரும்ப இரு மடங்கு. தலைக்குள் கேட்கும் சொந்தக் குரலோடு அது மோதிக் குழப்பும். ஆம்பில் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். பியானோவின் சஸ்டெய்ன் பெடலை மிதித்து வைத்துக்கொண்டு, திறந்த பெட்டிக்குள் கம்பிகளைப் பார்த்து "ஆ" என்று பாடிச் சட்டென நிறுத்துங்கள். கம்பிகள் மெல்ல "ஆ" என்று திருப்பிச் சொல்லும். "ஈ" பாடினால் "ஈ". உங்கள் சுருதிக்கும் அதன் மேல் சுரங்களுக்கும் பொருந்துகிற கம்பிகள் மட்டும் அதிர்வதால், உயிரெழுத்தின் சாயல்கூட அதில் தங்கிவிடுகிறது. உள்ளே ஒரு மைக் வைத்து அதை எடுத்தேன். முதல் தடவை கேட்ட பாடகர் அடுத்த டேக்கில் வரிகளுக்கு நடுவே தானாகவே இடைவெளி விட ஆரம்பித்தார், கம்பிகள் பாடி முடிக்கட்டும் என்று. அந்த இடைவெளியை மிக்ஸிங்கில் எப்படிச் சேர்ப்பீர்கள்?

மூன்றாம்டேக்:
இரண்டையும் செய்யலாமே. குரலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுத்தமாகப் பதியுங்கள். மற்றதை, லைன் லெவலைக் கிட்டார் அளவுக்கு இறக்கித் தரும் ரீஆம்ப் பெட்டி வழியாக ஆம்புக்கு அனுப்புங்கள். பதிவுக் கருவியிலிருந்து வரும் பலமான லைன் லெவலை நேரடியாகக் கொடுத்தால் ஆம்ப் தாங்காமல் அலறும். ஆம்ப் கட்டாயம் வேறு அறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாடும் மைக்கில் ஊளைதான் மிஞ்சும். ஒரு அடித் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் தாமதம் வரும், ஆகவே பிறகு இரண்டு டிராக்கையும் நேராக்கிக்கொள்ளுங்கள். ஒரு டிராக்கின் பொலாரிட்டியையும் மாற்றி, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். குரல் திடீரென மெலிந்தால் காரணம் அதுதான்.

கம்பிக்கூடு:
முடிந்தது. ஆம்பைக் குளியலறையில் வைத்து, அதன் ஒலியைப் பாடகியின் ஹெட்ஃபோனுக்குக் கொடுத்தோம். முதல் டேக்கில் வழக்கம்போலப் பாடினார். இரண்டாவதில் மைக்கை ஒட்டி வந்து குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மூன்றாவதில் கிசுகிசுப்பும் பாட்டும் கலந்த ஒன்று வந்தது, மூச்சு வாங்குவதுகூட ஆம்பில் கரகரத்தது. அதையே வைத்துக்கொண்டோம். சொற்கள் தெளிவாக இல்லை என்று பேஸ் வாசிப்பவர் சொன்னதால், சுத்தமான டிராக்கையும் அடியில் மெல்லிசாகக் கலந்திருக்கிறோம்.

சுத்தக்குரல்:
பார்த்தீர்களா, அந்த டிராக் தேவைப்பட்டது. மிக்ஸ் முடிந்த பிறகும் அதை அழித்துவிடாதீர்கள்.

காந்தநாடா:
மூன்றாவது டேக்கும் தேவைப்பட்டது! ஆம்பிலிருந்து மைக் எவ்வளவு தூரம்?

கம்பிக்கூடு:
ஒரு சாண். ஸ்பீக்கரின் நடுவில் வைத்தபோது காதைக் குத்தியது, ஓரமாக நகர்த்தியதும் சரியாகிவிட்டது.