காஸ் அடிச்சும் லைற்றர் பத்துதில்லை, அவசரம்

வெள்ளவத்தைப் பெடியன்: புது ரின் வாங்கிக் காஸ் அடிச்சன். பக்கத்தால சீறிக் கை விறைச்சதுதான் மிச்சம், உள்ளுக்கு ஒண்டும் போகேல்லை. அமத்தினா டிக் எண்டு சத்தம் மட்டும். நாளைக்கு விடிய வேணும். ஆராவது சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை வாசி: என்ன லைட்டர்? நீலமா சீறுற ஜெட் வகையா, சாதாரண மஞ்சள் நெருப்பா? பொறி தெரியுதா? எவ்வளவு காலம் சும்மா கிடந்தது?

மருதானை பாய்: லைட்டர்ல நெருப்பு வர்ற முனை அடைச்சிருக்கும். என் மூணு லைட்டருக்கும் அதே கதைதான். கேமரா துடைக்கிற ரப்பர் பம்பால ஊதுங்க.

புறக்கோட்டைக் கடைக்காரன்: பக்கத்தால சீறுதுண்டா டின் முனை லைட்டருக்குப் பொருந்தல்ல. டின் மூடிக்குள்ள சின்னப் பிளாஸ்டிக் முனைகள் இருக்கா பாருங்க. என்ன டின்?

பழைய கை: தம்பி, இதை நான் எத்தினை தரம் எழுதிப்போட்டன். ஒருத்தரும் தேடி வாசிக்கிறேல்லை. உள்ளுக்குக் காத்து நிண்டா காஸ் எப்பிடிப் போகும்? பல்கனிக்குப் போங்கோ, கிட்ட அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. நெருப்பு அளவை ஆகக் குறையுங்கோ. லைற்றரைக் கவிட்டு, காஸ் அடிக்கிற வால்வைச் சின்னத் திருப்புளியால அமத்திச் சீறல் நிக்குமட்டும் வெறுமையாக்குங்கோ. பிறகு பத்து நிமிசம் பிரிஜ்ஜுக்குள்ள வையுங்கோ. பியூட்டேன், அதுதான் லைற்றர் காஸ், -0.5 பாகையிலயே கொதிக்கிற சாமான். கொழும்புச் சூட்டில லைற்றரும் ரின்னும் ஒரே அழுத்தத்தில நிண்டா ஒண்டும் நகராது. லைற்றர் குளிர்ந்தாத்தான் காஸ் அந்தப் பக்கம் இறங்கும். ரின்னை நேர் தலைகீழாப் பிடிச்சு 5 செக்கன் அமத்துங்கோ, சரிச்சுப் பிடிச்சா சீறத்தான் செய்யும். அடிச்ச உடன தட்டவேண்டாம், 10 நிமிசம் பொறுக்கோணும்.

தெகிவளை மாமா: லைட்டர் டின்னுக்கு ஏன் காசு? கேம்பிங் அடுப்பு டின்னும் காஸ்தானே.

பழைய கை: ஐயா, தயவுசெய்து உப்பிடிச் சொல்லிக்குடுக்காதேங்கோ. அதில கனக்க ரின்னில புரொப்பேன் கலந்திருக்கு. அது -42 பாகையில கொதிக்கும், அழுத்தம் பல மடங்கு. லைற்றர் தாங்காது.

தெகிவளை மாமா: சமையல் சிலிண்டர்லயும் புரொப்பேன் இருக்கே, வீட்டுக்கு வீடு எரிக்கிறோமே.

கொட்டாஞ்சேனை வாசி: 2021 கடைசியில வீடுகள்ல அடுப்பு வெடிச்சது மறந்துபோச்சா? சிலிண்டர்ல பியூட்டேன், புரொப்பேன் கலவை மாறினதாலதான்.

மருதானை பாய்: அதுக்கு ரெகுலேட்டரும் பழைய குழாயும்தான் காரணம்.

கொட்டாஞ்சேனை வாசி: பழைய குழாய் முந்தின வருசமும் இருந்ததுதானே? அந்த ஒரு மாசத்தில மட்டும் ஏன் அவ்வளவு?

மருதானை பாய்: கசிஞ்ச இடம் குழாய். அழுத்தம் கூடினா முதல்ல அதுதான் விடும்.

கொட்டாஞ்சேனை வாசி: அப்ப நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க.

வெள்ளவத்தைப் பெடியன்: பத்தீட்டுது. காத்துத்தான். அப்பாவின்ரை லைற்றர், நாளைக்கு அவற்றை திவசம். அதாலதான் விளக்குக் கொளுத்த ஆசைப்பட்டனான். நன்றி அண்ணை.

புறக்கோட்டைக் கடைக்காரன்: சந்தோசம் தம்பி. முனை மாத்தினீங்களா, இருந்த முனையாலேயே போச்சா?