ஹோமிங்கில் இசட் அச்சு நிற்கவில்லை: லிமிட் சுவிட்ச் வயரிங் உதவி தேவை

மூன்றச்சு:
வணக்கம். சின்ன சிஎன்சி ரூட்டர் (கணினி ஓட்டும் வெட்டும் மெஷின்) ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். ஹோமிங் (லிமிட் சுவிட்சைத் தொட்டு மெஷின் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) கொடுத்தால் இசட் அச்சு மேலே போய் சுவிட்சை அழுத்துகிறது, ஆனால் நிற்கவில்லை. மோட்டார் முட்டிக்கொண்டு கடகடவென்று அடிக்கிறது, கடைசியில் அலாரம் 9. எக்ஸ், ஒய் நகரவே இல்லை. சுவிட்சையும் மாற்றிவிட்டேன், வயரையும் மாற்றிவிட்டேன். கொஞ்சம் அவசரம்.

கம்பிச்சுருள்:
நாய்ஸ்தான், அதாவது பக்கத்து வயரிலிருந்து வரும் மின் இரைச்சல். லிமிட் வயரை ஸ்டெப்பர் மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிள் போடுங்கள், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

பழையகை:
என்ன போர்டு? என்ன ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் நிரல்), எந்தப் பதிப்பு? சுவிட்ச் என்ஓவா (அழுத்தினால் இணையும்) என்சியா (அழுத்தினால் துண்டிக்கும்)? இதெல்லாம் சொல்லாமல் "நிற்கவில்லை" என்றால் நாங்கள் என்ன செய்வது? அப்புறம், நாய்ஸ் என்பவருக்கு: நாய்ஸ் வந்தால் அழுத்தாத சுவிட்ச் அழுத்தியதாகத் தெரியும். இங்கே அழுத்திய சுவிட்சே தெரியவில்லை. இரண்டும் வேறு நோய்.

மூன்றச்சு:
ஆர்டுயினோ யூனோ போர்டு, ஜிஆர்பிஎல் ஃபர்ம்வேர். சாதாரண மைக்ரோ சுவிட்ச்தான்.

பழையகை:
பதிப்பு கேட்டேன். இணைத்ததும் முதல் வரியிலேயே அது வரும். அலாரம் 9 என்றால் தேடும் தூரம் முழுக்கப் போயும் சுவிட்ச் கிடைக்கவில்லை என்று பொருள். $132 அமைப்பில் இருக்கும் இசட் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. ஹோமிங்கில் இசட்தான் முதலில் போகும், அதனால்தான் மற்ற இரண்டும் நகரவில்லை. எல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் முன் அதைப் படிப்பது நல்லது.

பச்சைவிளக்கு:
படிக்கச் சொல்வது சரி, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லலாமே. மூன்றச்சு, ஹோமிங்கை விடுங்கள். மெஷின் சும்மா இருக்கும்போது இசட் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ? அனுப்புங்கள். வரும் வரியில் பிஎன்:இசட் என்று இருக்கிறதா? அழுத்தாதபோது அந்தப் பகுதியே வராது. எக்ஸ், ஒய்க்கும் இதையே செய்து பாருங்கள்.

அப்படியே எல்லாவற்றையும் என்சியாக மாற்றி $5=1 (லிமிட் பின்னைத் தலைகீழாகப் படிக்கும் அமைப்பு) வைத்துவிடுங்கள். ஹார்டு லிமிட் (ஓடும்போது சுவிட்ச் தட்டினால் நிறுத்தும் வசதி, $21=1) இயக்கத்தில் இருந்தால், வயர் அறுந்தால் மெஷின் உடனே நின்றுவிடும். என்ஓவில் வயர் அறுந்தால் யாருக்கும் தெரியாது, இடித்த பிறகுதான் தெரியும்.

ஐந்துவோல்ட்:
என்சி நல்லதுதான், ஆனால் ஓர் எச்சரிக்கை. பல ஷீல்டுகளில் (யூனோ மேல் மாட்டும் துணை போர்டு) எக்ஸ்+, எக்ஸ்- இரண்டும் போர்டின் ஒரே பின்னுக்குத்தான் (இணைப்பு முனை) போகும். என்ஓ சுவிட்சுகளை இரண்டிலும் தனித்தனியாக மாட்டலாம். என்சியை அப்படி மாட்டினால் ஒன்று திறந்தாலும் மற்றது கிரவுண்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும், எதுவும் தெரியாது. இரண்டையும் தொடராக இணைத்து ஒரே இடத்தில் மாட்ட வேண்டும்.

பழையகை:
பொழுதுபோக்கு மெஷினுக்கு ஹார்டு லிமிட்டே வேண்டாம். ஹோமிங்குக்கு அச்சுக்கு ஒரு சுவிட்ச், மீதியை $20 சாஃப்ட் லிமிட் பார்த்துக்கொள்ளும்.

பச்சைவிளக்கு:
சாஃப்ட் லிமிட் நம்புவது கணக்கில் இருக்கும் இடத்தை. வெட்டும்போது ஸ்டெப் தவறினால் கணக்கு ஓர் இடம், மெஷின் வேறு இடம். அப்போது காப்பாற்றுவது உண்மையான சுவிட்ச் மட்டும்தான்.

பழையகை:
ஸ்டெப் தவறினால் அந்த வேலையே பாழ். ஃபீடை (வெட்டும்போது நகரும் வேகம்) குறையுங்கள், மோட்டார் கரண்டைச் சரி செய்யுங்கள். சுவிட்ச் அதற்கு மருந்தல்ல.

பச்சைவிளக்கு:
வேலை பாழானால் பலகைதான் போகும். கேன்ட்ரி (மெஷினின் நகரும் பாலம்) முட்டினால் ஸ்குரூ வளையும். எனக்கு இரண்டாவது பெரிது.

மூன்றச்சு:
? போட்டுப் பார்த்தேன். பிஎன்:எக்ஸ் வருகிறது, பிஎன்:ஒய் வருகிறது, இசட் வரவில்லை. முதல் வரியில் 1.1 என்று இருக்கிறது. யூனோ மேல் சிஎன்சி ஷீல்டு வி3. எல்லாம் என்ஓ. இசட்+ என்று அச்சிட்ட இடத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

ஐந்துவோல்ட்:
ஷீல்டு வி3 என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் வயரை மாற்ற வேண்டியிருக்காது. அந்த ஷீல்டின் எழுத்துகள் பழைய ஜிஆர்பிஎல்லுக்கானவை. இசட்+, இசட்- இரண்டும் டி11 பின்னுக்குப் போகின்றன. 0.9 பதிப்பு முதல் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) வேகத்துக்கு பிடபிள்யூஎம் (துடிப்பு சிக்னல்) தேவைப்பட்டதால் டி11 ஸ்பிண்டிலுக்குப் போய், இசட் லிமிட் டி12க்கு வந்துவிட்டது. $ஐ கொடுத்து ஓபிடி வரியில் வி (வேரியபிள் ஸ்பிண்டில், அதாவது வேகம் மாற்றும் வசதி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இதுதான் காரணம்.

டி12 ஷீல்டில் ஸ்பின்-என் என்று இருக்கும். இசட் சுவிட்சை அங்கே மாற்றுங்கள், மறுமுனை கிரவுண்டில். இப்போதிருக்கும் இடத்தில் விட்டு எம்3 (ஸ்பிண்டிலை ஓட்டும் கட்டளை) கொடுக்காதீர்கள். டி11 இப்போது வெளியீடு, எம்3 கொடுத்தால் அதில் 5 வோல்ட் வரும். சுவிட்ச் அழுந்தினால் 5 வோல்ட் நேராக கிரவுண்டில் ஷார்ட் ஆகும், அந்தப் பின் தாங்கும் உச்சமே 40 மில்லிஆம்ப்தான். சிப் போய்விடும்.

இடத்தை மாற்ற விருப்பமில்லை என்றால் கான்ஃபிக் கோப்பில் வேரியபிள் ஸ்பிண்டிலை அணைத்து மறுபடி ஏற்றலாம், இசட் டி11க்குத் திரும்பிவிடும். ஆனால் வேகக் கட்டுப்பாடு போய்விடும்.

மூன்றச்சு:
மாற்றினேன், ஹோமிங் முழுதாக முடிந்தது. மிக்க நன்றி. ஸ்பிண்டிலை ஓட்டினால் மட்டும் நடுவில் அலாரம் 1 வருகிறது.

கம்பிச்சுருள்:
அலாரம் 1 ஹார்டு லிமிட். யாரும் தொடாமல் வருகிறது என்றால் இது நாய்ஸ். சிப்புக்குள் இருக்கும் புல்அப் (பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம், நீண்ட வயருக்கு மிகவும் பலவீனம். பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வெளியே போடுங்கள், போர்டுக்குப் பக்கத்திலேயே பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். லிமிட் வயர்களை ஸ்பிண்டில் வயரிலிருந்து விலக்குங்கள். அதுவரை வேலை ஓட வேண்டும் என்றால் $21=0 வைத்து ஹார்டு லிமிட்டை அணையுங்கள், ஹோமிங் அப்போதும் வேலை செய்யும். ஆனால் ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள்.

பழையகை:
இந்த முறை நாய்ஸ் என்பது சரிதான். மூன்றச்சு, ஸ்பிண்டில் என்ன வகை, லிமிட் வயர் எவ்வளவு நீளம்?